தானாகக் கெட்டால் மட்டும்

"எக்ஸ்டெண்டட் வாரண்டி போடணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

தாணு சார் புது லேப்டாப்பைப் பெட்டியோடு மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் மேசையில் கிடந்த ஸ்குரூ எல்லாம் ஒரு துள்ளு துள்ளியது.

பிரிஸ்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்காருங்க சார்."

அந்தக் குரலில்தான் அவருக்கு ஆள் யாரென்று தெரிந்தது.

கேட்டவர் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். பதில் சொல்ல வேண்டியவள் அதே பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்பதாவதோடு வெளியே போனவள். அவளாகப் போகவில்லை. அவர்தான் டிசி கொடுத்து அனுப்பினார். கணக்கில் அவள் இருபதைத் தாண்டவில்லை. பத்தாவதில் அவள் ஃபெயிலானால் பள்ளிக்கூடத்தின் நூறு சதவீதத் தேர்ச்சி போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

அது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. அவருக்கு வெட்கமாகவெல்லாம் இல்லை. உண்மையைச் சொன்னால், மறந்தே போயிருந்தார். நாகர்கோவிலில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற ஒரு பெண் இருக்கிறாள், எதுவானாலும் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள் என்று யாரோ சொன்னார்கள். வந்துவிட்டார்.

"நீயா?"

"நான்தான் சார்."

"நல்லாருக்கியா?"

"கடை நடக்கு. நீங்க கேக்க வந்ததைக் கேளுங்க."

அவருக்கு அதுதான் வேண்டும். நேற்று சாயங்காலத்திலிருந்து பொருமிக்கொண்டிருந்தார்.

"நேத்து விக்கும்போது அந்த ஷோரூம்காரன் என்ன சொன்னான் தெரியுமா? 'சார், இது மாடு மாதிரி உழைக்கும், கண்ண மூடிட்டு எடுங்க'ன்னான். எடுத்தேன். பில்லக் கையில குடுத்த அடுத்த நிமிஷம் அவனே சொல்லுகான், 'சார், ஒரு வருஷம் தாண்டினா போர்டு போயிரும், டிஸ்பிளே போயிரும், கூட ரெண்டு வருஷத்துக்கு வாரண்டி போட்டுருங்க'ன்னு. அதே வாய்! வாயத் தொடைக்கக்கூட இல்ல!"

"ம்."

"அப்போ கெட்டுப்போற சாமானையாடே எனக்கு வித்தேன்னு கேட்டேன். சிரிக்கான். காலையில இருந்து ஆறு தடவை போன் பண்ணிட்டான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள போடணுமாம்."

போன் அடித்தது. ஏழாவது தடவை என்று நினைத்து எடுத்தார். இல்லை. பள்ளிக்கூட கிளார்க் ஸ்டீபன்.

"சார், ஒம்பதாம் கிளாஸ் அஜினுக்க அம்மா வந்து நிக்கா. காலையிலேர்ந்து நிக்கா. பையனுக்கு டிசி குடுக்காதீங்க, அடுத்த வருஷம் எப்படியும் படிச்சிருவான்னு அழுதிட்டே இருக்கா. என்ன செய்ய?"

"அழுதா நாம மார்க்குப் போட முடியுமாவோய்? டிசிய எழுதி வையும். நான் வந்து கையெழுத்துப் போடுகேன்."

வைத்துவிட்டார்.

பிரிஸ்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் அவருக்கு என்னமோ செய்தது.

"மத்த பிள்ளைகளுக்க வீட்டுல எல்லாம் ஒழுங்கா வாங்கிட்டுப் போய்ட்டாங்க. இந்த அம்மா ஒருத்திதான்..."

"நான் ஒண்ணும் கேக்கலியே சார்."

"சரி. வாரண்டி?"

அவள் எழுந்துபோய் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தாள். உள்ளே மேலும் கீழுமாக இருபது இருபத்தைந்து லேப்டாப்புகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தது.

"எதை வேணா எடுத்துப் பாருங்க."

அவர் ஒன்றை எடுத்தார்.

'டீ கொட்டியது. முடியாது என்றார்கள்.'

இன்னொன்று.

'பைக்கிலிருந்து விழுந்தது. முடியாது என்றார்கள்.'

'உள்ளே எறும்பு. முடியாது.'

'இடி இடித்த அன்று. முடியாது.'

நாலாவதுக்குக் கீழே ஒன்று. அதில் ஒரே வார்த்தைதான். 'சந்தனம்.'

"இது என்னது, சந்தனம்?"

"ஆயுத பூஜைக்கு நாலு மூலையிலயும் பொட்டு வச்சிருக்காங்க சார். கீபோர்டு நடுவுல ஒண்ணு பெரிசா. தண்ணியாக் குழைச்சிட்டாங்க போல, உள்ள இறங்கிட்டு. திரவத்தால் சேதம்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் அவரும் வருஷா வருஷம் டிவிக்கு வைக்கிறவர்தான். சிரிப்பு நின்றுபோயிற்று.

"பாவம். இவங்க யாரும் வாரண்டி போடலியோ?"

"எல்லாரும் போட்டிருந்தாங்க. நீங்க சொல்லுதீங்களே, அந்தக் கூடுதல் வாரண்டிதான்."

"பொறவு?"

"பொறவுதான் இங்க வந்துச்சு."

"இதை எல்லாம் நீ எதுக்கு வாங்கி அடுக்கி வச்சிருக்கே?"

"அங்க முடியாதுன்னா வேற எங்க சார் போகும்?"

"சரியாகுமா?"

"பாதி ஆகும். சிலது ஆகாது. திறந்து பாத்தாத்தானே தெரியும்?"

அவர் சந்தன லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஓரத்தில் காய்ந்துபோன மஞ்சள் இன்னும் இருந்தது. எந்த வீட்டிலோ, யாரோ ஒருத்தர், இது நல்லா இருக்கணும் என்று கும்பிட்டு வைத்த பொட்டு. அதைச் சேதம் என்று எழுதியிருக்கிறான்.

அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"சரி, நீ சொல்லு. போடவா, வேண்டாமா?"

"என்கிட்ட எதுக்கு சார்? விக்கிறவன்கிட்டயே கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க சார்! வாரண்டி போட்டுரலாமா சார்?"

"இருடே. தண்ணி கொட்டினா பாப்பியா?"

"அது வராது சார்."

"கீழ விழுந்தா?"

"அதும் வராது சார். அது கஸ்டமர் மிஸ்டேக்."

"இடி, மின்னல்?"

"இயற்கை சீற்றம் சார். அது வராது."

"பேட்டரி?"

"பேட்டரி தேயுற ஐட்டம் சார்."

"எறும்பு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எறும்பு... உயிரினம் சார். வராது."

"அப்போ எப்பிடித்தான்டே கெடணும்?"

"தானாக் கெடணும் சார். நீங்க ஒண்ணுமே பண்ணாம, அதுவாக் கெட்டா ஃபுல் கவரேஜ் சார்."

"தானா எப்பிடிக் கெடும்?"

"பெரும்பாலும் கெடாது சார். நல்ல மாடல்."

பிரிஸ்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாணு சார் பொத்தவில்லை. முப்பது வருஷமாக வகுப்பின் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்ந்த குரல் அது. அந்தச் சின்னக் கடைக்குள் மொத்தமாக இறங்கியது.

"கெடுறதுக்குத்தானேடே வாரண்டி? கெடாததுக்கு என்னத்துக்கு? நல்லா ஓடுற வரைக்கும் கூட நிப்பே. லேசா ஒண்ணு ஆச்சுன்னா, எங்க பொறுப்பு இல்ல, உன் தப்புன்னு சொல்லி வெளிய தள்ளிருவே. உள்ள என்ன கோளாறுன்னு திறந்துகூடப் பாக்க மாட்டே! எல்லாரையும் தள்ளிட்டு, மிச்சம் இருக்கதக் காட்டி, எங்க சாமான் ஒண்ணுகூடக் கெடலைன்னு வாசல்ல போர்டு வச்சுக்கிடுவே. மனுஷனாடே நீ? இதுல பெருமை வேற! வெட்கமா இல்ல?"

"சார், ஆறு மணிக்குள்ள..."

கட் பண்ணினார். அவள் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாள். அவர் குடிக்கவில்லை.

"சார்."

"என்ன?"

"இப்ப சொன்னீங்கல்லா. அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"எல்லாத்தையும். கொஞ்சம் மெதுவா."

அவர் வாயைத் திறந்தார்.

கெடாததுக்கு என்னத்துக்கு. அது வந்தது. நல்லா ஓடுற வரைக்கும் கூட நிப்பே. அதுவும் வந்தது. அதற்கு அடுத்ததைச் சொல்லப் போகும்போது அவர் கண் அலமாரிப் பக்கம் போயிற்று. டேப் ஒட்டின வரிசை. மேலும் கீழுமாக. ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றிலும் அதே ஒரு வார்த்தை, 'முடியாது.'

கையிலிருந்த சந்தன லேப்டாப்பை எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தார்.

பிரிஸ்கா ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தாள். தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். அவரைப் பார்க்கவே இல்லை.

போன் அடித்தது. எடுக்கும்போது விரல் ஸ்பீக்கரிலும் பட்டுவிட்டது.

"சார், ஸ்டீபன். டிசி எழுதிட்டேன் சார். அஜின் பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி எல்லாம் போட்டாச்சு. 'விலகக் காரணம்' மட்டும்தான் பாக்கி. எப்பவும் போல 'பெற்றோர் விருப்பம்'னு போட்டுரட்டா?"

ஸ்குரூ டிரைவர் சுற்றுவது நின்றது.

போனுக்குள் தூரத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ, "ஓரமா நில்லும்மா," என்றார்கள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா சார்?"

"இருக்கேன்."

"அப்போ, பெற்றோர் விருப்பம்..."

"எழுதாதயும். பேனாவக் கீழ வையும் வோய்."

"சார்?"

"போனை அந்த அம்மாகிட்டக் குடும். பெற்றோர் விருப்பம் என்னன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் கேட்டதே இல்ல."