ஓட விதியும் மடிப்புக் கலையாத பட்டும்

ஓடந்துறை என்றொரு சின்ன நாடு. அங்கே ராஜா கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த பேரவைதான் சட்டம் செய்யும். பேரவை பெரிய சங்கதிகளை மட்டும் சொல்லிவிட்டு, மீதியை அமைச்சர் விதியாக எழுதிக்கொள்ளட்டும் என்று எழுந்துவிடும். அமைச்சர் எழுதும் விதி சட்டம் கொடுத்த எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்க்க மூவர் குழு ஒன்று இருந்தது. அந்தக் குழு ஒரு விதியை முழுசாக ஏற்கலாம், அல்லது முழுசாகத் தள்ளலாம். ஓர் எழுத்தைக்கூட மாற்ற அதற்கு உரிமை இல்லை. மாற்றுவதென்றால் பேரவையில் வைப்பதற்கு முன்பே அமைச்சர்தான் மாற்ற வேண்டும். அதற்காகவே வரைவை முன்கூட்டிக் குழுத் தலைவரிடம் காட்டுகிற வழக்கம் உண்டு. கதை முடியும்வரை இந்த வழக்கத்தை மறந்துவிடாதீர்கள்.

குழுத் தலைவியின் பெயர் செங்கமலம். அமைச்சர் குமுதவல்லி. இருவரும் ஒரே தெருக்காரர்கள், ஒரே தேர்தலில் ஜெயித்தவர்கள். அமைச்சர் பதவி தனக்குத்தான் என்று நம்பி, பதவியேற்புக்காக மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவையே வாங்கி வைத்திருந்தாள் செங்கமலம். பதவி குமுதவல்லிக்குப் போயிற்று. பட்டு மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடந்தது. அன்றிலிருந்து யாராவது குமுதவல்லியைப் புகழ்ந்தால் செங்கமலத்துக்கு வயிறு எரியும். அவள் சிரித்தால் எரியும், அவள் தும்மியதற்கு நாலு பேர் விசாரித்தால் இன்னும் எரியும்.

அந்த வருஷம் ஓடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பயணிகளின் பாதுகாப்புக்கு அமைச்சர் விதி செய்யலாம் என்றது சட்டம். ஓடக்காரரின் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரத்தை மட்டும் நீதிமன்ற நடுவரிடம் கொடுத்தது. அதுவும் விசாரித்த பிறகுதான். குமுதவல்லி மும்முரமாக உட்கார்ந்து விதி எழுதினாள். ஓடத்தில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவை இருக்க வேண்டும் என்றாள். ஊரே கொண்டாடியது. ஓடக்காரர் சங்கம் அவள் வீட்டு வாசலுக்கே வந்து ஆளுயர மாலை போட்டது. மேளச் சத்தம் செங்கமலத்தின் அடுக்களைவரை கேட்டது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வழக்கப்படி குமுதவல்லி வரைவைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள்.

"படிச்சுப் பாருடி. ஏதாவது தப்பு இருந்தா இப்பவே சொல்லு, மாத்திடறேன்."

செங்கமலம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். கடைசி வரியில் அகப்பட்டது. அவசியமென்று கருதினால், எந்த ஓடக்காரரின் உரிமத்தையும் விசாரணையின்றி அமைச்சரே ரத்து செய்யலாம் என்று எழுதியிருந்தது. சட்டம் நடுவருக்குக் கொடுத்ததைக் குமுதவல்லி அவசரத்தில் தன் மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். செங்கமலத்துக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று.

"நல்லாத்தாண்டி இருக்கு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

விதி பேரவைக்கு வந்தது. குழு கூடியது. செங்கமலம் கடைசி வரியை உரக்கப் படித்துக் காட்டினாள். உறுப்பினர் எதிராஜன் கையை விரித்தார்.

"மழை வரப்போகுதும்மா. இதைத் தள்ளிட்டா மிதவையும் சேர்ந்து போயிடும். குமுதவல்லியம்மா தங்கமான மனுஷி. அவங்க யார் பொழப்புல கை வைக்கப் போறாங்க? ஏத்துக்குவோம்."

இன்னொரு உறுப்பினர் மரியநாதன் தலையாட்டவில்லை. "சட்டம் கொடுக்காத அதிகாரம். ஆள் யாரா இருந்தா என்ன? தள்ளித்தான் ஆகணும்."

இருவரும் செங்கமலத்தைப் பார்த்தார்கள். குமுதவல்லியின் மானத்தை வாங்க அவள் ஒரு பேச்சே தயாரித்து வைத்திருந்தாள். வாயைத் திறக்கப் போனபோது, அந்த மயில்கழுத்துப் பட்டைக் கட்டிக்கொண்டு தானே அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக ஒரு நினைப்பு வந்தது. முதல் காரியமாக என்ன செய்வோம்? குமுதவல்லிக்கு மாலை போட்ட சங்கத் தலைவனின் உரிமத்தைக் கிழிப்போம். இதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. தன்னை நினைத்துத் தானே பயந்துபோனாள்.

"மறைக்காம சொல்லிடறேன். எனக்கு அவ மேல பொறாமை. நாளைக்கு அந்த நாற்காலி எனக்குக் கிடைச்சா, அவளுக்கு மாலை போட்டவன் ஒருத்தனையும் விடமாட்டேன். என்னை மாதிரி ஒருத்தி கையில சிக்கக்கூடாத அதிகாரம் இது. தள்ளறேன்."

விதி விழுந்தது. குமுதவல்லி அந்த வரியை அன்றே எடுத்துவிட்டாள். ஆனாலும் பேரவை மறுபடி கூடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. விதிதான் இல்லையே என்று, ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த மிதவைகளை ஓர் ஓடக்காரன் கொட்டகையில் போட்டுவிட்டு ஓடத்தை எடுத்தான். நடு ஆற்றில் ஓடம் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தித் தப்பினார்கள். அஞ்சுகம் என்கிற பூக்காரியை மட்டும் பிணமாகத்தான் கரை சேர்த்தார்கள்.

சாவு வீட்டில் குமுதவல்லி கூட்டத்தின் நடுவே கத்தினாள். "உன் பொறாமை ஒரு உசுரைக் குடிச்சிடுச்சுடி!"

"நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் எதிராஜன்.

"அந்தம்மா சட்டப்படி செஞ்சது சரிதான்" என்றார் மரியநாதன்.

செங்கமலம் வீட்டுக்குப் போய், பீரோவில் கிடந்த மயில்கழுத்துப் பட்டை எடுத்துவந்தாள். அதை மடிப்புப் பிரித்து அஞ்சுகத்தின் மேல் போர்த்திவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள். குழுவில் பேசிய மூவரில் யார் பேசியது சரி? செங்கமலம் விதியைத் தள்ளியது சரியென்றால், அஞ்சுகத்தின் சாவில் அவளுக்குப் பங்கே இல்லையா?

விடை: எதிராஜன் ஆளைப் பார்த்தார், ஆள் போன பிறகும் விதி இருக்கும் என்பதைப் பார்க்கவில்லை. மரியநாதன் சொன்னது சரி. செங்கமலம் தள்ளியதும் சரி. பொறாமைக்காரி கையில் அந்த அதிகாரம் என்ன பாடுபடும் என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவள் தவறு குழுவில் நடக்கவில்லை. இப்பவே சொல்லு, மாத்திடறேன் என்று தோழி வந்து நின்றபோது, "நல்லாத்தாண்டி இருக்கு" என்றாளே, அங்கே நடந்தது. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் வரி போயிருக்கும், விதி நின்றிருக்கும், ஓடத்தில் மிதவை இருந்திருக்கும். குமுதவல்லிக்கு இது இன்றுவரை தோன்றவில்லை. செங்கமலத்துக்குத் தெரியும்.