பெண்ணாமை கரையேறிய கதை

அந்தக் காலத்தில், ஆமையும் மீனும் வாய் திறந்து பேசித் திரிந்தபோது, கரை என்பது ஆண் ஆமைகளின் இடம். ஏறி வெயில் காய்வார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். பெண்ணாமை மணலில் கால் வைத்தால் கடலே வற்றிவிடும் என்று ஒரு கட்டுப்பாடு. யார் சொன்னது என்று கேட்காதீர்கள். எவனோ சொன்னான், எல்லாரும் தலையாட்டினார்கள்.

பவளி என்ற ஆமையும் அதை நம்பித்தான் இருந்தாள். ஆனால் அவள் பாறை இடுக்கில் இடுகிற முட்டைகளை வருஷா வருஷம் அலை அள்ளிக்கொண்டு போனது, மிச்சத்தை மீன் தின்றது. ஒரு பிள்ளையின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

அந்த வருஷமும் வயிறு கனத்தது. புருஷன் ஓடப்பன் கரையிலிருந்து இறங்கி வந்தான்.

"மணலு இன்னைக்கு அடைகாக்குற கோழி வயிறு மாதிரி கதகதன்னு கெடக்கு புள்ள."

பவளிக்குச் சுருக்கென்றது. "அங்க முட்டைய வச்சா பொரியும்ல?"

"உளறாத. நீ ஏறினா கடல் வத்திப்போகும்."

"நீங்க ஏறினப்ப வத்தலையே?"

"அது வேற."

"என்ன வேற?"

ஓடப்பன் ஏதோ வேலை இருப்பதுபோல நீந்திப் போய்விட்டான்.

பொழுது சாய, பவளி கரையேறினாள். நீந்தப் பிறந்த கால்கள்; மணலில் ஒவ்வொரு எட்டுக்கும் உயிர் போயிற்று. எட்டுக்கொரு தரம் திரும்பிப் பார்த்தாள், கடல் இருக்கிறதா என்று. இருந்தது. இன்னும் ஓர் எட்டு வைத்தாள். அப்போதும் இருந்தது. கண்ணீர் வழிய மணல்மேட்டில் குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பினால், கடல் அவளைத் தேடி மணல்மேட்டடி வரைக்கும் ஏறி வந்திருந்தது. அம்மாடி, அவ்வளவு பெரிய தண்ணீரை அவள் வெளியே நின்று பார்த்ததே இல்லை. இதற்குள்ளா இத்தனை நாள் இருந்தோம் என்று மலைத்தாள்.

ஆண்களுக்குப் பொறுக்கவில்லை. "பொம்பள மிதிச்ச மணல்ல இனி எங்க கால் படாது" என்று சத்தியம் செய்தார்கள். முதல் ஆளாகச் செய்தவன் ஓடப்பன்தான்.

ஒரு விடியலில் மணல் அசைந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பிள்ளைகள், கூட்டங்கூட்டமாய், யாரும் வழி காட்டாமலே கடலைப் பார்த்து ஓடிவந்தன. ஓடப்பன் அலைக்குள் கிடந்து பார்த்தான். கண் கலங்கியது. ஏறிப்போய் எதிர்கொள்ள ஆசைதான். சத்தியம் காலைக் கட்டிப்போட்டது.

அன்று முதல்தான் பெண்ணாமை, தான் பிறந்த மணலைத் தேடிக் கரையேறுகிறாள். ஆணாமையோ ஒருமுறை கடலுக்குள் போனால் பிறகு கரையை மிதிப்பதே இல்லை; அந்த வீறாப்பு இன்னும் தீரவில்லை. கடலும் இன்றுவரை வற்றவில்லை.