மலை மறைஞ்சிருமேங்க!

மேகம் வாசல்வரை வந்து தூங்கும் ஊர் அது. பேரூராட்சி அதிகாரிக்கு ஆபீஸ் ஜன்னலில் மலையைப் பார்த்தால்தான் கையெழுத்து ஓடும். ஜன்னலுக்குக் கீழே குடியிருந்த மாதையன், கொல்லையில் குளியலறை கட்ட அனுமதி கேட்டான்.

"என் மலையை மறைக்கப் பாக்குறியா? ஒரு செங்கல் எழும்பக் கூடாது!"

"ஆகட்டுங்க ஐயா, மறைக்கலை."

மறுநாள் காலை கலெக்டரம்மா வந்தார். அதிகாரி பெருமையாக ஜன்னலைத் திறந்தார். பனி மெல்ல விலக, மலை கனவுபோல மிதந்து வந்தது. அதன் முன்னே, வெந்நீர் ஆவிக்குள், கோவணத்தோடு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தான் மாதையன்.

"கும்பிடறேனுங்க அம்மா! ஐயா சுவரே கூடாதுன்னுட்டாங்க!"

கலெக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி அலறினார்: "கட்டுய்யா! ஆளுயரத்துக்கு இன்னைக்கே கட்டு!"

மாதையன் நிதானமாக இன்னொரு செம்பு மொண்டு ஊற்றிக்கொண்டான்.

"மலை மறைஞ்சிருமேங்க, ஐயா?"