இன்னும் கீழே இறங்காத வண்டி

அர்த்தநாரி பொய்யே பேச மாட்டார் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். சத்தியமங்கலத்தில் பட்டறை போட்ட நாளிலிருந்து அவர் விட்டுவரும் புளுகுகளில் அதுதான் மூத்தது. வேலையில் கெட்டிக்காரர், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கை ஓடும்போது வாயும் கூடவே ஓடும். வாய் நன்றாகச் சூடு பிடித்துவிட்டால் கை நின்றுவிடும், அது ஒன்றுதான் தொந்தரவு.

அன்றைக்கு வாய்க்குச் சரியான சோதனை வந்து சேர்ந்தது. கடம்பூர் மலையில் தேனம்பாடியிலிருந்து ருக்குமணியக்கா நாலு நாளைக்கு முன்பு தன் பிக்கப் வண்டியைப் பட்டறையில் விட்டுப் போயிருந்தார். மழை பிடித்தால் வழியில் கல்லுருட்டிப் பள்ளத்தில் தண்ணீர் ஓடும், வண்டியின் அடிவயிறு கல்லில் இடிக்கும், சக்கரம் மணலில் புதையும். ஸ்பிரிங் பட்டையை மாற்றி, ஷாக்கை மாற்றி, வண்டியை நாலு அங்குலம் தூக்கிவிட வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்கான சாமான் அத்தனையும் ஒரு பெரிய மரப்பெட்டியில் வாங்கி வண்டியிலேயே வைத்துக் கொடுத்திருந்தார். வண்டியை எடுத்த மறுநாளே பலாப்பழ லோடு மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். பழுத்த பலா எந்த மெக்கானிக்குக்காகவும் காத்திருக்காது.

அர்த்தநாரி அந்தப் பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை, வண்டியே பட்டறையில் இல்லை. அன்று விடிகாலையில் அவருடைய மச்சினனுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிப்போக நம்மிடம் யானையாட்டம் ஒரு வண்டி இருக்கிறது என்று மாமனார் வீட்டில் வாயை விட்டுவிட்டார். முகூர்த்தம் முடிந்ததும் ஜோடியை அடிவாரத்தில் கல்லுருட்டிப் பள்ளத்துக்கு அக்கரையில் இருக்கும் பெண் வீட்டில் இறக்கிவிட்டு, மச்சினனின் சிநேகிதன் ஒன்பது மணிக்கெல்லாம் வண்டியைக் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. ருக்குமணியக்கா அன்று காலையில் வண்டியை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்ததால் இவர் பந்தியில்கூட உட்காராமல் ஓடிவந்து, பட்டு வேட்டிக்கு மேலே கிரீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். மணி பத்தரை ஆயிற்று. வண்டி வரவில்லை, அக்கா வந்துவிட்டார்.

அக்கா கத்துகிற ஆள் இல்லை. அர்த்தநாரிக்குப் பயமே அதனால்தான். மலையிலிருக்கும் பிக்கப்காரர்கள் அவர் கைகாட்டுகிற பட்டறைக்குத்தான் போவார்கள். அங்கே போகாதீங்க என்று அவர் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டறையில் அர்த்தநாரி ஈ ஓட்ட வேண்டியதுதான். எப்படியாவது அந்த வண்டி சந்து முனையில் திரும்பும்வரை அக்காவைப் பேச்சில் உட்கார வைக்க வேண்டும். தூக்காத வண்டிக்கு என்ன சொல்வது என்பதை அது வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"வாங்க்கா, வாங்க. உக்காருங்க. காளியண்ணா, அக்காவுக்கு ஒரு டீ, சூடா ரெண்டு போண்டா!"

பக்கத்து டீக்கடைக் காளியண்ணன் எட்டிப் பார்த்தார். அர்த்தநாரியின் புளுகு ஒன்றையும் விடாமல் கேட்பவர் அவர். ஒன்றையும் நம்பாதவரும் அவரே.

"ஒண்ணும் வேண்டாமுங் தம்பி. வயிறு திம்முனு இருக்குது" என்று சொல்லி அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டார். சேலைக் கரையெல்லாம் ஈர மணல். "வண்டி எங்கீங்?"

"ட்ரையல் போயிருக்குதுங்க்கா."

"யாரு ஓட்டறாங்க?"

"அதைத்தானுங்க்கா சொல்ல வர்றேன். சொன்னா நம்ப மாட்டீங்க."

"அது எங்களுக்குப் பழக்கந்தான், நீ சொல்லு" என்றார் காளியண்ணன்.

அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். "நாலு அங்குலம் தூக்கச் சொன்னீங்க. நானும் நாலு அங்குலத்துக்குத்தான் பட்டை மாட்டினேன். ஆனா உங்க வண்டி ராசியைப் பாருங்க, ஜாக்கியை எடுத்தனா, அது நிக்க மாட்டேங்குது. கொஞ்சங் கொஞ்சமா எந்திரிக்குது. சோளத்தட்டாட்டம் வளருது. நான் கையில ஸ்பேனரோட அண்ணாந்து பாத்துட்டு நிக்கறேன். கடைசிப் போல்டை முறுக்க எனக்கு எட்டலை. அப்பறம் தென்னை மரம் ஏறற கருப்பணனைக் கூட்டிட்டு வந்துதான் முறுக்கினேன்."

"எங்க வெச்சு? இந்தச் சந்துலயா?" என்றார் காளியண்ணன். "நான் பூரா நாளும் இங்கயேதான் கெடக்கறேன்."

"நீங்க குனிஞ்சு போண்டாவைப் பாத்துட்டு இருந்தீங்க. நிமிந்து பாத்தாத்தான தெரியும்? முந்தாநேத்து உங்க கடை மேல வெயிலே படலையே, கவனிச்சீங்களா?"

"மோடம் போட்டிருந்துச்சு."

"மோடமில்லீங்ண்ணா. அது நம்ம வண்டி."

காளியண்ணன் ஆகாயத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கையிலெடுத்தார். அக்கா சேலைக் கரையிலிருந்த மணலைத் தட்டினார். "சரி தம்பி, பொழுதாகுது. பழமெல்லாம் பறிச்சு வெச்சாச்சு. நான் போய் வேற வண்டி பேசறேன்."

"சித்த இருங்க்கா, ட்ரையல் எப்படின்னு கேக்க வேண்டாமா?" அர்த்தநாரி குறுக்கே வந்து நின்றார். "மலை ரோட்டுல ஏத்தினேன். வளைவுல வண்டியைத் திருப்பற வேலையே இல்லைங்க்கா. பின் சக்கரம் கீழ் வளைவுல இருக்கறப்பவே முன் சக்கரத்தை மேல் வளைவுல எடுத்து வெச்சேன். நம்ம ஊட்டுப் படி ஏறறாப்பல அது பாட்டுக்கு ஏறுது. அப்பப் பாத்து யானைக் கூட்டம் வந்துருச்சு. குட்டியும் கூட இருக்குது. மத்தவங்களா இருந்தா வண்டியைப் போட்டுட்டு ஓடியிருப்பாங்க. நான் கியரைக்கூட மாத்தலை. அதுக வரிசையா நம்ம வண்டிக்கு அடியில பூந்து அக்கட்டால போயிருச்சு. பெரிய யானை மட்டும் நின்னு, ஆக்ஸில்ல முதுகைச் சொறிஞ்சுக்கிச்சு. இப்பவும் பாத்தீங்கன்னா ஆக்ஸில்ல யானை மசுரு ஒட்டியிருக்கும்."

"எங்க, ஆக்ஸிலைக் காட்டு" என்றார் காளியண்ணன்.

"வண்டி வரட்டுமுங்."

சந்து முனையில் ஏதோ சத்தம் கேட்டது. அர்த்தநாரி பாதிப் பேச்சில் எட்டிப் பார்த்தார். சிலிண்டர் வண்டி ஒன்று குலுங்கிக்கொண்டு போனது. சட்டைப் பையில் போன் வேறு காலையிலிருந்து நாலாவது தடவையாக அடித்தது, சம்சாரம். இந்த நேரத்தில் கல்யாணச் சாம்பார் விசேஷம் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை, இந்தத் தடவையும் எடுக்காமல் அமர்த்தினார்.

"அதெல்லாம் கெடக்கட்டுமுங்" என்றார் அக்கா. "பள்ளத்துல விட்டுப் பாத்தீங்களா? எனக்கு அது ஒண்ணுதான் முக்கியம்."

"விடாம இருப்பனா? மேல நல்ல மழை. தண்ணி கரை பொரண்டு ஓடுது. நான் நேரா விட்டேன். அந்த ஒசரத்துல வண்டி தாண்டிப் போனது தண்ணிக்கே தெரியலைங்க்கா. கீழ மழை கொட்டுது, நான் மேல வெயில்ல உக்காந்திருக்கறேன். வைப்பர் போட்டா மேகத்தைத்தான் ஒதுக்கி விடுது. போன்ல என்னமோ வந்துச்சேன்னு எடுத்துப் பாக்கறேன், கர்நாடகம் உங்களை வரவேற்கிறதுங்குது. நான் இன்னும் பள்ளத்தைத் தாண்டி முடிக்கலை, அதுக்குள்ள மைசூர் டவர் எடுத்துருச்சு."

அக்கா வாயைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா, பெருமூச்சு விடுகிறாரா என்று தெரியவில்லை. சிரிப்பு என்றே அர்த்தநாரி வைத்துக்கொண்டார். அவருக்கு உடம்பெல்லாம் தெம்பு ஊறியது.

"எல்லாம் சரி, வண்டி எங்கடா?" என்றார் காளியண்ணன்.

"அங்கதானுங்ண்ணா வர்றேன். திரும்பி வர்றப்ப அடிவாரத்துல ஒரு வேகத்தடை. நான் அதைக் கவனிக்கலை. பட்டை புதுசு, ஷாக்கும் புதுசு. வேகத்தடையில ஏறுச்சு பாருங்க வண்டி, ஏறினது இறங்கலை."

"இறங்கலைன்னா?"

"மேல போயிருச்சு. கொக்காட்டம் போகுது. இஞ்சின்கூட ஓடலை."

"எப்பங் தம்பி?" என்று அக்கா அமைதியாகக் கேட்டார்.

"முந்தாநேத்துங்க்கா."

"இன்னுமா இறங்கலை?"

"இன்னும் இறங்கலை. லேட்டானதுக்கு அதுதானுங்க்கா காரணம், இல்லீன்னா நான் சொன்ன நாளைத் தவற விடுவனா? யாரு ஓட்டறாங்கன்னு கேட்டீங்களே, யாரும் ஓட்டலை. அதுவா போகுது. எப்படியும் மத்தியானத்துக்குள்ள வந்துரும்."

காளியண்ணன் கரண்டியை அப்படியே எண்ணெயில் விட்டுவிட்டார். "அப்ப நீ எப்படிடா இறங்குனே?"

"போற போக்குல ஒரு தோப்பு மேல போச்சு. அங்க கருப்பணன் தேங்காய் போட்டுட்டு இருந்தான். கையை நீட்டினான், புடிச்சுக்கிட்டேன். இல்லீன்னா இந்நேரம் நான் மேலதான். தொட்டியில டீசல்கூட இல்லை."

கரண்டி எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் கட்ட இடமில்லை என்பது அர்த்தநாரிக்கே தெரிந்தது. வண்டியோ இன்னும் வந்தபாடில்லை.

ருக்குமணியக்கா தலையை ஆட்டினார். "நீங்க சொல்றது மெய்தானுங் தம்பி."

அர்த்தநாரி திடுக்கிட்டுப் போனார். அவர் சொன்னதை மெய் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"நான் காலையில பஸ்ஸுல வந்துட்டு இருந்தனா, கல்லுருட்டிப் பள்ளத்துல வர்றப்ப தொப்புனு ஒரு சத்தம். பஸ்ஸு நின்னு போச்சு. என்னனு எறங்கிப் பாத்தா, நம்ம வண்டி. மேல இருந்துதான் விழுந்துச்சாட்டம் இருக்குது, பாதிச் சக்கரம் மணலுக்குள்ள."

"பாத்தீங்களாண்ணா?" அர்த்தநாரி காளியண்ணன் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார். "பாத்தீங்களா?"

"தேவலோகம் வரைக்கும் போயிருக்குமாட்டம் இருக்குதுங். வண்டிக்கு முன்னால ரெண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்துச்சு."

அர்த்தநாரியின் கை தட்டினபடியே நின்றது.

"பின்னால ஒரு பொண்ணும் மாப்பிள்ளையும், மாலையும் கழுத்துமா. தேவர்களாத்தான் இருக்கோணும். ஆனா அந்த மாப்பிள்ளைக்கு அப்படியே உங்க மச்சினன் சாடை. ரெண்டு பேரும் ஒரு மரப்பெட்டி மேல ஜமக்காளத்தை விரிச்சு உக்காந்திருந்தாங்க. ஆணிகூடப் புடுங்காத பெட்டி. ஸ்பிரிங் பட்டையும் ஷாக்கும் உள்ள பத்திரமா இருந்துச்சுங்."

காளியண்ணன் அடுப்பை அணைத்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்தார். இதைக் கேட்காமல் போண்டா போடுவது நியாயமில்லை.

"என் வண்டியை அந்தக் கோலத்துல பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சுங் தம்பி. நேரா வந்து உங்களை நாலு வார்த்தை கேக்கோணும்னுதான் இருந்தேன். ஆனா அந்தப் பொண்ணு மொகத்தைப் பாத்தேன். கல்யாணத்தன்னைக்கே பள்ளத்துல நிக்கறமேன்னு அழுதுட்டு இருக்குது. மனசு கேக்கலை. ஓட்டிட்டு வந்த பையனையும் பஸ்ஸுல இருந்தவங்களையும் தள்ளச் சொல்லிட்டு நானே ஸ்டியரிங் புடிச்சு எடுத்தேன். அவங்களை ஊடு சேத்தினேன். சாப்பிடாம விட மாட்டேன்னு இலை போட்டுட்டாங்க. உங்க சம்சாரம்தான் பரிமாறினாங்க. உங்களுக்குச் சொல்லிடறேன்னு போன் மேல போன் போட்டாங்க. நீங்க அப்ப மைசூர் டவர்ல இருந்தீங்களாட்டம்."

அவர் மடியிலிருந்த மஞ்சப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். பையில் மச்சினன் பெயரும் பெண்ணின் பெயரும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தன. உள்ளேயிருந்து ஒரு தேங்காயையும் வண்டிச் சாவியையும் எடுத்து, அர்த்தநாரியின் முன்னால் வைத்தார்.

அர்த்தநாரிக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. மலையிலிருந்து வரும் வண்டி ஒவ்வொன்றும் தன் பட்டறையைத் தாண்டி எதிர்ப் பட்டறைக்குப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

"அக்கா, மலையில..."

"மலையில சொல்லத்தான் நெனச்சேன். ஆனா வண்டி பறந்து போச்சுன்னு நீங்க சொல்றதையாவது நம்புவாங்க. நான் பாத்ததைச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றார் அக்கா. "வண்டி அரிசி மில்லுக்குப் பக்கத்துல நிக்குது. எனக்கு நாலு அங்குலம் போதுமுங். பொழுதுக்குள்ள ஏறிருச்சுன்னா நான் யாருகிட்டயும் வாயைத் தெறக்கலை."

அர்த்தநாரி ஓடின ஓட்டத்தில் பட்டு வேட்டி காலில் தடுக்கியது. வண்டி பட்டறைக்குள் வந்தது, வாழைமரம் அவிழ்ந்தது, பெட்டியின் ஆணி பிடுங்கப்பட்டது. காளியண்ணன் பெஞ்சை வண்டியோரமாக இழுத்துப் போட்டார். அக்கா அதில் சாவகாசமாக உட்கார்ந்தார். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்த அர்த்தநாரி ரொம்ப நேரம் மூச்சுக் காட்டாமல் போல்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆனால் எத்தனை நேரம்தான் தாங்குவார், பாவம்?

"அக்கா" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இந்த ஆக்ஸில்ல பாருங்க, மெய்யாலுமே ஒரு மசுரு..."

"சொல்லுங் தம்பி, கேக்கறேன்" என்றார் அக்கா. "முறுக்கிட்டே சொல்லுங்."