எழுத்தில்லாத வாக்குத்தத்தம்

தயாபுரத்துச் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு பித்தளைத் தாம்பாளம் வலம்வரும். வேதவசனம் அச்சிட்ட சிறிய அட்டைகள் அதில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வீட்டுக்கு ஒருவர் கண்ணை மூடி ஜெபித்து ஓர் அட்டையை எடுப்பார். அந்த ஆண்டு முழுவதற்கும் ஆண்டவர் அந்த வீட்டுக்கு அருளும் வாக்குத்தத்தம் அதுவே என்பது சபையாரின் நம்பிக்கை.

ஓர் ஆண்டு சுகிர்தம் தாம்பாளத்தில் கைவைத்தாள். கணவர் மாசிலாமணிக்கு இதயத்தில் அடைப்பு. பத்து நாளில் நகரத்து மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை. நாள் தள்ளினால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். 'சுகம் தருவேன் என்று ஒரு வார்த்தை சொல்லும், ஆண்டவரே' என்று வேண்டிக்கொண்டு அட்டையைத் திருப்பினாள். சுற்றிலும் திராட்சைக்கொடி படர்ந்த அழகிய கரை இருந்தது. நடுவில் ஓர் எழுத்தும் இல்லை. அந்த ஓர் அட்டை மட்டும் வசனம் பதியாமலே அச்சகத்திலிருந்து வந்துவிட்டது.

மற்றவர்களுக்கு அது அச்சுப்பிழை. சுகிர்தத்துக்கோ அதுவே பதில். தன் வீட்டைக் குறித்துச் சொல்ல ஆண்டவரிடம் நல்வார்த்தை ஏதும் இல்லை என்று அவள் மனம் முடிவுகட்டிவிட்டது.

"வசனம் இல்லாம உங்கள ஆபரேஷனுக்கு விடமாட்டேன்" என்றாள், வீட்டுக்கு வந்ததும். அவள் சம்மதித்துக் கையெழுத்திடாமல் மருத்துவர்கள் கத்தியைத் தொடமாட்டார்கள்.

சபைக் குருவானவர் மறுநாளே தாம்பாளத்தோடு வீடு தேடி வந்தார்.

"அச்சகத்துக்காரங்க செஞ்ச தப்புக்கு ஆண்டவர்மேல வருத்தப்படலாமா, அம்மா? இன்னொண்ணு எடுங்க."

எடுத்தாள். பொறுமையைப் பற்றிய வசனம் வந்தது. "இது வேண்டாம், ஐயா" என்று மறுபடியும் கைநீட்டினாள். அவள் முகவாட்டத்தைக் காணப் பொறுக்காத அந்த நல்ல மனிதர் தாம்பாளத்தை விலக்காமலே நின்றார். அடுத்ததில் காணியாட்சியைக் குறித்து வந்தது. "எங்களுக்குக் காணி நெலமே கெடையாதே, ஐயா!" என்று அவள் அழுதேவிட்டாள்.

மாசிலாமணியின் தங்கை ரூபவதி அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். சுகம் தரும் வசனம் அவளுக்குத்தான் விழுந்திருந்தது. நெடுநாளாய் மூட்டுவலியால் வருந்துகிறவள். அதை வாசித்துவிட்டுக் கோயிலிலேயே கண்கலங்கியவள். ஆயினும் அண்ணன் மனைவியின் தவிப்பைக் கேள்விப்பட்டதும் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மைனி, இத நீங்க வச்சுக்கிடுங்க. எனக்கு மூட்டுவலிதான? அது எங்க ஓடிப்போவப்போவுது!"

"அது ஒனக்கு வந்தது, ரூபா. எனக்கு வந்தது வெறுந்தாளு."

மாசிலாமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் அந்த எழுத்தில்லாத அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு பென்சிலால் ஏதோ எழுதத் தொடங்கினார். சுகிர்தம் ஆவலோடு ஓடிவந்து அவர் தோளுக்குமேல் எட்டிப்பார்த்தாள். 'சோப்பு. துண்டு இரண்டு. பிளாஸ்க். மூக்குக்கண்ணாடி. வேதாகமம்.' மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டிய சாமான்கள்!

"என்னங்க இது அநியாயம்! வாக்குத்தத்தத்துல போயி சோப்புன்னு எழுதுவாங்களா?"

"எடம் சும்மாதான கெடந்துச்சு."

"ஒங்களுக்கு எல்லாமே வெளையாட்டு."

"சரி, ஒண்ணு கேக்கேன். போன வருஷம் என்ன வசனம் எடுத்த? சொல்லு பாப்போம்."

சுகிர்தத்துக்கு நினைவுக்கு வரவில்லை.

"அதுக்கு முந்தின வருஷம்?"

அதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அப்ப அந்த ரெண்டு வருஷமும் நம்மள நடத்துனது அட்டையா, ஆண்டவரா?"

சுகிர்தம் துண்டுகள் இரண்டையும் மடித்துப் பையில் வைத்தாள்.

சிகிச்சை நாள் காலையில், மாசிலாமணி தள்ளுகட்டிலில் படுத்திருக்க, நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். சுகிர்தம் பேனாவை வாங்கினாள். அச்சம் அணுவளவும் குறைந்திருக்கவில்லை. உடன் வந்திருந்த ரூபவதி தன் அட்டையை அவளுடைய இடக்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இதப் புடிச்சுக்கிட்டே போடுங்க, மைனி. தெம்பா இருக்கும்."

உண்மையில் தெம்பாகத்தான் இருந்தது. ஆண்டவரிடம் கிடைக்காத தெம்பு ஓர் அட்டையில் கிடைத்ததே அவளைத் திடுக்கிடச் செய்தது. ஒரு கணம் அதை இறுகப் பற்றியிருந்தவள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அட்டையை ரூபவதியின் கைப்பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"கோவிச்சுக்கிடாத, ரூபா. இப்ப இது வேண்டாம்."

பிறகு கண்களை மூடினாள். "ஆண்டவரே, நீர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் நீரே என் ஆண்டவர்" என்று முணுமுணுத்தாள். கையெழுத்துக் கோணலாக விழுந்தது. கட்டில் உருண்டு உள்ளே போயிற்று, கதவு மூடிக்கொண்டது.

அன்புள்ள வாசகரே, குருவானவர், ரூபவதி, மாசிலாமணி, சுகிர்தம் ஆகிய நால்வரில் ஆண்டவருக்கு முதலிடம் கொடுத்தவர் யார்?

விடை: மாசிலாமணி என்றே பெரும்பாலோர் சொல்வர். அவருடைய விசுவாசத்தில் குறையில்லை. ஆனால் தாள் அவருக்கு என்றைக்கும் தாளாகவே இருந்தது. ஆகையால் அதில் சோப்பு என்று எழுத அவருக்கு எந்தப் போராட்டமும் இல்லை. குருவானவரும் ரூபவதியும் செய்ததெல்லாம் அன்பினால் செய்தது. ரூபவதியோ தனக்கு அருமையானதையே கொடுக்க முன்வந்தாள். எனினும் எதைப் பற்றிக்கொண்டு சுகிர்தம் தவித்தாளோ அதையே இருவரும் இன்னும் இனியதாக அவள் கையில் தந்தார்கள். வனாந்தரத்தில் ஆண்டவரே செய்யச் சொல்லி, பாம்புக்கடியால் மாண்டுபோக இருந்த ஜனங்களைப் பிழைக்கவைத்த வெண்கலச் சர்ப்பத்துக்கும் பின்னாளில் அதையே தெய்வமாக்கித் தூபம் காட்டினார்கள் அல்லவா? தீயதைவிட நல்லதுதான் ஆண்டவருடைய இடத்தில் எளிதாக ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அப்படி ஏறியதைத் தன் கையாலேயே இறக்கிவைத்தவள் சுகிர்தம் ஒருத்தியே. அதுவும் பயம் தீர்ந்தபின் அல்ல, பயத்தோடேயே. மாசிலாமணி சுகமாகத் திரும்பினாரா என்று கேட்பீர்கள். கதவு எவ்விதம் திறந்திருந்தாலும் விடை மாறாது. அது மூடுவதற்கு முன்பே அவள் முழுவதையும் ஒப்புக்கொடுத்துவிட்டாள்.