மேட்டுப்பாளையம் போன எலுமிச்சம்பழம்

எங்கள் காலனிப் பூங்காவுக்குப் புல் வெட்டும் மெஷின் வந்த வாரமே ஆயுத பூஜையும் வந்துவிட்டது. சந்தனம், குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கு முன்னாலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். இனி மெஷினை ஓட்டப்போவது யார், ஷெட் சாவி யாரிடம் என்பதுதான் பாக்கி.

திருமூர்த்தி அண்ணனுக்கு அந்தச் சாவி மேல் உயிர். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரை யாரும் ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை. பாவமாகத்தான் இருக்கும், அவர் வாயைத் திறக்கும் வரை.

"மொதலாளியோட கோத்தகிரி பங்களாவுல ஏழு வருசம் ஓட்டுனதுங்க, இதே மெஷினு" என்றார்.

செயலாளர் ராசாமணி அக்கா, மெஷினோடு வந்த புத்தகத்தை விரித்தார். மாத்திரை அட்டையைக்கூட முழுசாகப் படிக்கிறவர் அவர். "ஓட்டறதுக்கு முந்தி கல்லு, குச்சியெல்லாம் பொறுக்கணும்னு போட்டிருக்குதுங்ணா."

"கல்லா? அங்க புல்லுக்குள்ள ஒரு பாறையே கெடந்துச்சுங்க. நான் பாக்கல. மெஷினும் பாக்கல. வந்த ஜல்லியில மொதலாளி மாடி எடுத்துட்டாரு."

"ஈரப் புல்லுல ஓட்டக் கூடாதாமா."

"கொட்டற மழையில ஓட்டியிருக்கறனுங்க. பிளேடு போன வேகத்துல மழையே அறுந்துபோச்சு. பாதி ஊருக்கு அன்னிக்குத் தூறல்கூட இல்ல. வேணும்னா கோத்தகிரியில கேளுங்க."

"எந்தப் பாதியில கேக்கட்டுங்ணா?" என்றார் அக்கா. அண்ணன் காதில் விழவில்லை.

"ஷூ போடணுமாமா."

அண்ணன் தன் ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டார். "அது பயப்படறவங்களுக்குங்க."

"சரி, அந்தப் பழத்த எடுத்துட்டு ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க."

"பூஜைப் பழத்த நசுக்காம வண்டி எடுக்கறதாவது! கோத்தகிரியில ஒருக்கா இப்படித்தான், பழம் பிளேடுல பட்டுப் பறந்துச்சு. மலையெறங்கி, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில போய் விழுந்துச்சுங்க. டம்ளர்லயே. கடைக்காரரு உப்புதான் போட்டாரு."

அண்ணன் எழுந்துபோய், மெஷினை ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்து, மெஷினைத் தள்ளினார். முன்சக்கரத்துப் பழம் நசுங்காமல் உருண்டு உள்ளே போனது. டப் என்று ஒரு சத்தம். பாதிப் பழம் பின்பக்கமாகப் பறந்து வந்து அவர் முட்டியில் அடித்தது. "ஐயோ" என்று கைப்பிடியை விட்டுவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்தார். மெஷின் தானாக நின்றது.

அக்கா வந்து மீதிப் பழங்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். முட்டியில் ரத்தம் இல்லை, சாறுதான் என்று குனிந்து பார்த்துக்கொண்டார். சாவியைத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அப்புறம்தான் கேட்டார்:

"ஏனுங்ணா, மேட்டுப்பாளையம் வந்துருச்சுங்களா?"