தாளாளர் எடுத்த வரலாற்று வகுப்பு

கீழப்பட்டணம் உயர்நிலைப் பள்ளியின் தாளாளர் வைரவேல் ஒருநாள் ஒன்பதாம் வகுப்புக்குள் வந்து, வரலாறு நடத்திக்கொண்டிருந்த பொற்கொடி டீச்சர் முன்னால் நின்றார்.

"செத்துப்போன ராஜாக்கள் கதை எதுக்கு? இந்தப் பீரியடையும் கணக்குக்கே கொடுத்திடலாம்னு இருக்கேன். வரலாற்றால என்ன பிரயோஜனம்னு இன்னைக்கே காட்டுங்க. இல்லேன்னா நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

டீச்சர் தற்காலிக ஆசிரியை. பணிவாகச் சொன்னார்: "நான் சொன்னா என் வேலைக்காகச் சொன்ன மாதிரி இருக்கும் ஐயா. இந்தப் பள்ளிக்கூடம் வந்த கதையை இன்னைக்கு நீங்களே பாடமா எடுங்களேன்."

தாளாளருக்கு உச்சி குளிர்ந்தது. சாக்பீஸை வாங்கிக்கொண்டு, "எங்க தாத்தா ஒத்தை ஆளா, சொந்த இடத்துல கட்டினது இது" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். பொற்கொடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்.

முடிந்ததும் ரஹ்மத் நிஷா என்ற மாணவி எழுந்தாள். "ஐயா, இதுக்கு ஆதாரம் என்ன?"

"வாசல்ல கல்வெட்டே இருக்கே."

"போன மாசம்தான் அதைப் படிச்சு நோட்டுல எழுதினோம். இடம் கொடுத்தது கருப்பட்டி வியாபாரி மாடத்தி, கட்டினது ஊர்ப் பொதுமக்கள், திறந்து வச்சது உங்க தாத்தான்னு இருக்கு ஐயா."

முப்பது வருஷமாக அந்த வாசலில் போய்வரும் தாளாளர் ஒருநாளும் நின்று அதைப் படித்ததில்லை. "இப்படியெல்லாம் கேக்க யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். வகுப்பே கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்ததும் தாளாளர், அங்கே நின்றிருந்த தலைமை ஆசிரியரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வரலாறு இருந்துட்டுப் போகட்டும். நிறுத்தினா, யார் நிறுத்தினாங்கன்னு இந்தப் பிள்ளைங்க எழுதி வச்சிடும்."